ஜெஃபர்சன் கடிதங்கள்: வரிக்கு முன் தாளைப் பாருங்கள்

அமெரிக்காவின் மூன்றாம் அதிபர் தாமஸ் ஜெஃபர்சன் சொன்னதாகச் சுற்றிவரும் மேற்கோள்களை எப்படிச் சரிபார்ப்பது? அவருடைய சொந்தக் கடிதம் ஒன்றைச் சொல்லி, அலுவல் கடிதம் வேறொன்றைச் சொன்னால் எதை நம்புவது? கேட்கப்பட்டவை இந்த இரண்டும்தான்.

இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றே. வரியை வாசிக்கும் முன் அது எந்தத் தாளில் இருக்கிறது என்று பாருங்கள். அவருடைய ஒரே கடிதம் வரைவாகவும், அவர் தன்னிடம் வைத்துக்கொண்ட நகலாகவும், பெற்றவர் கைக்குப் போன தாளாகவும், எழுத்தர் எடுத்த படியாகவும், பத்திரிகையில் வந்த அச்சாகவும் கிடைக்கலாம். இவை அனைத்தும் ஒன்றுபோல இருக்கும் என்று சொல்ல முடியாது. அதற்கு அடுத்தபடியாக, யாருக்கு எழுதினார், வழியில் வேறு யார் பிரித்துப் படிக்கக்கூடும் என்று நினைத்து எழுதினார் என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் விட்டுவிட்டு எடுக்கும் மேற்கோள் எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தாலும் பொருளில் தவறிவிடும்.

அவர் வாழ்நாளில் எழுதியவை ஏறத்தாழ 19,000 கடிதங்கள். இந்த அளவு நமக்குத் தெரிவதற்கு அவர் வைத்திருந்த கடிதப் பதிவேடே காரணம். 1783 நவம்பர் 11இல் தொடங்கி, இறப்பதற்குச் சில நாள் முன்பு, 1826 ஜூன் வரை அதை விடாமல் எழுதினார். ஒரு புறம் தான் எழுதியவை, மறுபுறம் தனக்கு வந்தவை. வந்த கடிதம் என்றால் எழுதியவர் பெயர், எழுதிய இடம், எழுதிய தேதி, கைக்குக் கிடைத்த தேதி எல்லாம் இருக்கும். 656 பக்கங்கள். ஆராய்ச்சியாளருக்கு இதைவிடப் பெரிய கொடை இல்லை. தொலைந்துபோன கடிதம்கூட, அது ஒருகாலத்தில் இருந்தது என்ற தடத்தை இதில் விட்டுச் சென்றிருக்கிறது. 1783க்குப் பிற்பட்ட ஒரு கடிதம் புதிதாகக் கிடைத்ததாக யாராவது சொன்னால், முதலில் புரட்ட வேண்டியது இந்தப் பதிவேட்டைத்தான். அதில் இல்லாததாலேயே போலி என்று தீர்ப்பளிக்க முடியாது, சிலவற்றை அவர் குறிக்காமல் விட்டதுண்டு. ஆனால் ஐயப்படுவதற்கு அது போதுமான காரணம்.

அந்தப் பதிவேட்டை அவரே ஒருமுறை எண்ணிப் பார்த்தார். 1820ஆம் ஆண்டில் மட்டும் தனக்கு வந்த கடிதங்கள் 1,267 என்று 1822 ஜூன் 27இல் முன்னாள் அதிபர் ஜான் ஆடம்ஸுக்கு எழுதினார். அப்போது அவருக்கு வயது 79. அந்தக் கடிதங்களில் பல, தேடிப் படித்துப் பதில் எழுத வேண்டியவை.

இனி நகல்களுக்கு வருவோம். பெரும்பாலான குழப்பம் இங்கேதான் பிறக்கிறது.

1785 வரை அவரிடம் நகலெடுக்கும் கருவி இல்லை. அந்தக் காலத்துக் கடிதங்களுக்கு வரைவோ, கையால் எழுதிய படியோ, பெற்றவர் பாதுகாத்த தாளோதான் ஆதாரம். 1785இல் பாரிஸில் தூதராக இருந்தபோது நகல் அச்சு ஒன்றை வாங்கினார். நீராவி எந்திரத்தால் பெயர்பெற்ற ஜேம்ஸ் வாட் 1780இல் காப்புரிமை பெற்ற கருவி அது. வேலை செய்யும் விதம் எளிது. தனி மையில் கடிதத்தை எழுதி, மை முழுதாக இறுகிவிடும் முன் அதன்மேல் ஈரப்படுத்திய மெல்லிய தாளை வைத்து அழுத்த வேண்டும். மை மெல்லிய தாளில் ஊறும். அந்தப் பக்கம் எழுத்து இடம் வலமாகப் புரண்டு தெரியும். ஆனால் தாள் மெல்லியது என்பதால் மறுபக்கத்திலிருந்து நேராக வாசித்துவிடலாம்.

கெடுவதும் இந்த ஈரத்தால்தான். ஈரம் கூடினால் எழுத்து கலங்கிப் பரவும், குறைந்தால் பாதிதான் பதியும். சரியாகப் பதிந்ததும் நாளாக ஆக மங்கும். மங்கிய சொற்களின்மேல் பிற்காலத்தில் வேறு யாரோ மையால் எழுதிவிட்ட தாள்களும் உண்டு. அப்படி எழுதியவர் ஊகத்தில் எழுதியிருக்கலாம். ஆகவே இந்த வகை நகலை மட்டும் வைத்து ஒரு சொல்லின் மீது வாதம் கட்டுவது ஆபத்து. பெற்றவர் தாள் எங்காவது இருந்தால் அதையும் ஒப்பிட்டுப் பார்த்தே தீர வேண்டும்.

1804இல் பாலிகிராஃப் வந்தது. ஜான் ஐசக் ஹாக்கின்ஸ் காப்புரிமை பெற்று, பிலடெல்பியாவின் ஓவியர் சார்ல்ஸ் வில்சன் பீல் செய்து விற்ற கருவி. இரண்டு பேனாக்கள் சட்டங்களால் இணைக்கப்பட்டிருக்கும். ஒன்றைக் கையில் பிடித்து எழுதினால் மற்றது பக்கத்துத் தாளில் அதே அசைவைச் செய்யும். பழைய அச்சின் நகல்கள் வாசிக்கவே முடியாதவை என்று சொல்லும் அளவுக்கு ஜெஃபர்சனுக்கு இது பிடித்துப்போனது. அதிபர் மாளிகையில் ஒன்று, மான்டிசெல்லோ வீட்டில் ஒன்று என்று வைத்துக்கொண்டார். இதைச் சரிசெய், அதை மாற்று என்று பீலுக்கு அவர் எழுதியவையே தனிக் கட்டாகச் சேரும்.

பாலிகிராஃப் நகலில் சிக்கல் வேறு மாதிரி. இரண்டு தாளும் ஒரே கையெழுத்து, ஒரே மை, ஒரே நேரம். எது போனது, எது வீட்டில் தங்கியது என்று எழுத்தை மட்டும் பார்த்துச் சொல்வது கடினம். தாளின் உடலைப் பார்க்க வேண்டும். அக்காலத்தில் உறை கிடையாது. கடிதத் தாளையே மடித்து, வெளிப்பக்கத்தில் முகவரி எழுதி, அரக்கு வைத்து ஒட்டுவார்கள். ஆகவே மடிப்புக் கோடு, முகவரி, அரக்குத் தடம், அஞ்சல் குறி ஆகியவை இருந்தால் அது போன தாள். முத்திரையைப் பிரிக்கும்போது தாளின் ஒரு துண்டும் கிழிந்து வந்துவிடும், அந்த இடத்துச் சொற்கள் போய்விடும். நல்ல பதிப்புகளில் இங்கே நகலிலிருந்து எடுத்த சொல்லைத் தனிக் குறிக்குள் காட்டியிருப்பார்கள். அந்தக் குறியை உதறிவிட்டு மேற்கோள் எடுக்காதீர்கள். பெற்றவர் பெரும்பாலும் தாளின் மேல் எழுதியவர் பெயரையும் தேதியையும் குறித்து வைத்திருப்பார், அதுவும் சாட்சி.

ஓய்வுக்காலத்தில் ஜெஃபர்சன் தாளை மிச்சம் பிடித்தார். தனக்கு வந்த கடிதங்களின் முகவரிப் பக்கத்தைக் கிழித்து, அதன் வெற்றுப் பக்கத்தில் பாலிகிராஃப் நகலை எடுப்பார். அதனால் ஒரு நகலைத் திருப்பிப் பார்த்தால் பின்னால் வேறொருவர் அனுப்பிய கடிதத்தின் முகவரி இருக்கும். ஒரு தாளில் இரண்டு கடிதங்களின் தடம்.

கையெழுத்தின் பழக்கங்களையும் மனதில் வைத்துக்கொள்ளலாம். வாக்கியத்தின் தொடக்கத்தில் பெரிய எழுத்துப் போடமாட்டார். கையொப்பத்தில் தாமஸ் என்று முழுதாக எழுதாமல் முதல் இரண்டு எழுத்தும் முக்காற்புள்ளியும் இட்டுக் குடும்பப் பெயரை எழுதுவார். 1786 செப்டம்பரில் பாரிஸில் வலது மணிக்கட்டு முறிந்தது. அதன் பிறகு சில வாரங்கள் இடது கையால் எழுதினார். ஓவியர் மரியா காஸ்வேக்கு அக்டோபர் 12 தேதியிட்டு அனுப்பிய, தலையும் இதயமும் வாதிடுவதாக அமைந்த நீண்ட கடிதம் அப்படி எழுதப்பட்டது. அதே மாதத் தேதியில் வழக்கமான வலக்கை எழுத்தில் ஒரு தாள் வந்தால் கேள்வி கேட்க வேண்டும்.

அலுவல் கடிதங்களில் இன்னொரு கேள்வி சேர்ந்துகொள்கிறது. இது யாருடைய குரல்? 1790 மார்ச் முதல் 1793 இறுதி வரை அவர் வெளியுறவுச் செயலர். அந்தக் காலத்தில் அவர் பெயரில் போன கடிதங்களை அவர் மட்டும் பார்த்து அனுப்பவில்லை. 1792 மே 29இல் பிரிட்டிஷ் தூதர் ஜார்ஜ் ஹாமண்டுக்கு அனுப்பிய மிக நீண்ட பதில், நண்பர் ஜேம்ஸ் மாடிசன், எட்மண்ட் ராண்டால்ஃப், அலெக்சாண்டர் ஹாமில்டன், அதிபர் வாஷிங்டன் ஆகியோர் பார்வைக்குப் போன பிறகே கிளம்பியது. அதில் உள்ள நிதானம் அரசாங்கத்தின் நிதானம். அதை ஜெஃபர்சனின் மனநிலைக்குச் சான்றாகக் காட்டக் கூடாது.

டான்பரி கடிதம் இதற்கு இன்னும் தெளிவான பாடம். கனெக்டிகட்டின் டான்பரி பாப்டிஸ்ட் சங்கத்துக்கு 1802 ஜனவரி 1இல் அதிபராக அவர் அனுப்பிய சிறு பதில் அது. மதத்துக்கும் அரசுக்கும் நடுவே பிரிக்கும் சுவர் என்ற தொடர் அதில்தான் வருகிறது, நீதிமன்றத் தீர்ப்புகளிலும் இடம்பிடித்தது. ஆனால் வரைவைத் தலைமை வழக்கறிஞர் லீவை லிங்கனுக்கும் அஞ்சல் துறைத் தலைவர் கிடியன் கிரேஞ்சருக்கும் காட்டினார். பிறகு ஒரு பகுதியை அடித்தார். அதிபர் நோன்பு நாள்களையும் நன்றி நாள்களையும் அறிவிக்க மறுப்பது ஏன் என்று விளக்கிய பகுதி அது. கிழக்கு மாநிலங்களின் தம் கட்சி நண்பர்களுக்கு அது வருத்தம் தரலாம் என்று ஓரத்தில் காரணமும் குறித்தார். பிரிவைக் குறிக்கும் சொல்லுக்கு முன்னால் இருந்த ‘நிரந்தர’ என்ற பொருள்படும் சொல்லும் அடிபட்டது. அழுத்தி அடித்த வரிகள் சில கண்ணுக்குப் புலப்படாமல் இருந்தன. 1998இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அந்த வரைவை எஃப்.பி.ஐ. ஆய்வகத்துக்கு அனுப்பி அவற்றை வாசித்தது.

ஒரு வரைவு சொல்வது அவர் என்ன சொல்ல நினைத்தார் என்பதை. அனுப்பிய தாள் சொல்வது எதற்குப் பொறுப்பேற்றார் என்பதை. இரண்டும் வரலாறுதான். ஆனால் அடித்த வரியை எடுத்து ‘ஜெஃபர்சன் பாப்டிஸ்டுகளிடம் சொன்னார்’ என்று எழுதுவது பிழை, அவர்கள் அதைப் பார்க்கவே இல்லை.

அப்படியானால் சொந்தக் கடிதத்தில் உண்மை மனிதர் கிடைப்பாரா? பாதிதான். ஜெஃபர்சன் ஆளுக்கேற்ப எழுதுபவர். மாசசூசெட்ஸில் கடனில் தவித்த உழவர்கள் நடத்திய ஷேஸ் கிளர்ச்சி பற்றிப் பாரிஸிலிருந்து அவர் எழுதிய மூன்று கடிதங்களை அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். 1787 ஜனவரி 30இல் மாடிசனுக்கு எழுதியது: அவ்வப்போது சிறு கிளர்ச்சி நல்லது, இயற்கைக்குப் புயல் தேவைப்படுவதுபோல அரசியலுக்கு அது தேவை. பிப்ரவரி 22இல் அபிகெய்ல் ஆடம்ஸுக்கும் அதே புயல்தான். ஆனால் தொனி இலகுவானது, ‘எனக்குப் பிடிக்கும்’ என்கிற அளவில். நவம்பர் 13இல் ஆடம்ஸின் மருமகன் வில்லியம் ஸ்டீஃபன்ஸ் ஸ்மித்துக்கு எழுதியதில்தான் சுதந்திர மரத்துக்கு அவ்வப்போது தேசபக்தர், கொடுங்கோலர் இருவரின் இரத்தமும் வேண்டும் என்ற வரி வருகிறது. வரி உண்மையானது. ஆனால் அதே கடிதத்தில், கிளர்ச்சி செய்தவர்கள் தீய எண்ணத்தால் அல்ல, நிலவரம் அறியாமல் எழுந்தார்கள் என்கிறார். அவர்களுக்கு உண்மையை எடுத்துச் சொல்லி, மன்னித்து, அமைதிப்படுத்த வேண்டும் என்கிறார். அந்தக் கிளர்ச்சியைப் பார்த்து மிரண்டு புதிய அரசமைப்பை எழுதிவிட்டார்கள் என்ற மனக்குறைதான் கடிதத்தின் உந்துசக்தி. மரத்தை மட்டும் வெட்டி எடுத்தால் இவை எதுவும் மிஞ்சாது.

இதைவிட வலிக்கும் எடுத்துக்காட்டு பெஞ்சமின் பானக்கர். மேரிலாந்தைச் சேர்ந்த, அடிமையாக இல்லாத கறுப்பினக் கணிதர். தானே கணித்த பஞ்சாங்கத்தின் கையெழுத்துப் படியோடு 1791 ஆகஸ்ட் 19இல் ஜெஃபர்சனுக்கு எழுதினார். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று எழுதிய நீங்களே என் சகோதரர்களை அடிமைகளாக வைத்திருக்கிறீர்களே என்று நேருக்கு நேர் கேட்டார். ஆகஸ்ட் 30இல் பணிவான பதில் வந்தது. கறுப்பினத்தவரின் திறமை மற்றவர்களுடையதற்குச் சமம் என்பதற்குச் சான்றுகளைக் காண என்னைவிட விரும்புபவர் இல்லை என்ற பொருளில் எழுதி, பஞ்சாங்கத்தைப் பிரெஞ்சு அறிஞர் கோந்தோர்சேக்கு அனுப்புவதாகவும் சொன்னார். அன்றே கோந்தோர்சேக்குப் பாராட்டோடு எழுதவும் செய்தார். பானக்கர் இந்தக் கடிதப் பரிமாற்றத்தை 1792இல் அச்சிட்டார். அந்தப் பதில் எழுதிப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1809 அக்டோபர் 8இல், நண்பர் ஜோயல் பார்லோவுக்கு ஜெஃபர்சன் எழுதியது வேறு. பஞ்சாங்கக் கணிப்பில் பக்கத்து வீட்டு எலிகாட்டின் உதவி இருந்திருக்கலாம் என்ற ஐயத்தைச் சொல்லி, பானக்கரின் கடிதம் மிகச் சாதாரணமான மூளையைத்தான் காட்டுகிறது என்றார்.

இந்த இரண்டில் எது உண்மை ஜெஃபர்சன் என்று கேட்பது எனக்குச் சரியான கேள்வியாகப் படவில்லை. இரண்டு கடிதங்களையும் எழுதியவர் ஒருவரே. முதலாவது, பொது வெளிக்கு வரக்கூடும் என்று தெரிந்து எழுதியது. இரண்டாவது, வராது என்று நம்பி எழுதியது. முதலாவதை மட்டும் காட்டி அவரைப் புகழ்பவர்கள் பானக்கருக்கு நியாயம் செய்யவில்லை. தேதிகளோடு இரண்டையும் சேர்த்தே காட்ட வேண்டும்.

வராது என்று நம்பியது வெளியே வந்தும் இருக்கிறது. 1796 ஏப்ரல் 24இல் இத்தாலியிலிருந்த பழைய அண்டை வீட்டுக்காரர் பிலிப் மாட்ஸேவுக்கு எழுதிய கடிதத்தில், களத்தில் சிம்சோன்களாகவும் ஆலோசனையில் சாலமோன்களாகவும் இருந்தவர்கள் இங்கிலாந்து என்ற பரத்தையிடம் தலைமுடியைப் பறிகொடுத்தார்கள் என்று எழுதினார். மாட்ஸே அதை இத்தாலியனில் வெளியிட்டார். அதிலிருந்து பிரெஞ்சுப் பத்திரிகைக்குப் போனது. பிரெஞ்சிலிருந்து மீண்டும் ஆங்கிலமாகி 1797 மே மாதம் நியூயார்க்கில் நோவா வெப்ஸ்டரின் பத்திரிகையில் வந்தது. இந்தச் சுற்றில், பிரிட்டிஷ் அரசின் சடங்கு முறைகளைக் குறித்த பன்மைச் சொல் ஒருமையாகி, அரசின் அமைப்பையே குறிப்பதாக மாறியது. அதிபர் வாஷிங்டனின் வரவேற்பு விழாக்களையும் ஆடம்பரங்களையும் குறைகூறிய வரி, அரசமைப்பையே குறைகூறுவதாக வாசிக்கப்பட்டது. ஜெஃபர்சன் பொதுவெளியில் ஒப்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. வாஷிங்டனுடனான உறவு முடிந்தது. இந்த ஓரெழுத்து வேறுபாட்டை 1824இல் மார்ட்டின் வான் பியூரனுக்கு எழுதியபோதுதான் விரிவாக விளக்கினார். ஆகவே இந்தக் கடிதத்திலிருந்து மேற்கோள் எடுப்பவர் ஜெஃபர்சனின் சொந்த ஆங்கிலப் பாடத்தை எடுக்கிறாரா, மும்மொழி சுற்றி வந்த பத்திரிகைப் பாடத்தை எடுக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

1798க்குப் பிறகு அவர் அஞ்சலகத்தை நம்பவே இல்லை. எதிரணியினரான அஞ்சல் அதிகாரிகள் பிரித்துப் பார்க்கிறார்கள் என்று கருதி, முக்கியமானவற்றை நம்பிக்கையான பயணிகள் கையில் கொடுத்தனுப்பினார். சிலவற்றில் கையொப்பம் இடவில்லை. கையொப்பம் இல்லாதது போலிக்கு அடையாளம் அல்ல என்பதற்கு இது காரணம். மாடிசன், ஜேம்ஸ் மன்ரோ ஆகிய நண்பர்களுடன் எண் குறியீட்டிலும் எழுதினார். ஒவ்வொரு எண்ணும் ஒரு சொல்லையோ அசையையோ குறிக்கும். பெற்றவர் வரிகளுக்கு நடுவே விடையை எழுதிவைப்பார். அவர் தவறாகப் பிரித்திருந்தால் அந்தத் தவறும் பழைய பதிப்புகளில் ஏறியிருக்கும்.

தேதிகளிலும் கவனம் வேண்டும். மாடிசன் ஜூலை 18, செப்டம்பர் 6, அக்டோபர் 24 ஆகிய நாள்களில் எழுதிய மூன்று கடிதங்களும் 1787 டிசம்பரில் ஒரே வாரத்துக்குள் ஜெஃபர்சனுக்குக் கிடைத்தன. ‘அப்போதே அவருக்குத் தெரியும்’ என்று எழுதும் முன் கிடைத்த தேதியைப் பதிவேட்டில் பாருங்கள்.

தபால் செய்த அழகான குழப்பம் ஒன்றும் உண்டு. அரசியலில் பிரிந்திருந்த ஜான் ஆடம்ஸையும் ஜெஃபர்சனையும் நண்பர் பெஞ்சமின் ரஷ் நடுவில் நின்று சமாதானம் செய்ததில், ஆடம்ஸ் 1812 ஜனவரி 1இல் ஜெஃபர்சனுக்கு எழுதினார். வீட்டில் நெய்த துணி இரண்டு துண்டு அனுப்புகிறேன் என்றார். அவர் சொன்னது தன் மகன் ஜான் குவின்சி ஆடம்ஸின் இரண்டு தொகுதி நூலை. கடிதம் முந்திக்கொண்டு வந்தது, பொட்டலம் பிந்தியது. ஜெஃபர்சன் துணி என்றே எடுத்துக்கொண்டு, வர்ஜீனியாவின் வீட்டு நெசவு பற்றி ஜனவரி 21இல் பதில் எழுதினார். நூல் கைக்கு வந்ததும் 23இல் மீண்டும் எழுதித் தன் தவறை ஒப்புக்கொண்டார். அங்கிருந்து 1826 வரை இருவருக்கும் இடையே 158 கடிதங்கள். ஜனவரி 21 கடிதத்தைத் தனியாக எடுத்து நெசவில் அவருக்கிருந்த ஆர்வத்துக்கு மட்டும் சான்று காட்டுபவர்கள், அது எதற்கான பதில் என்பதை விட்டுவிடுகிறார்கள்.

பதிப்புகளில் எதைப் பயன்படுத்துவது? பேரன் தாமஸ் ஜெஃபர்சன் ராண்டால்ஃப் 1829இல் வெளியிட்ட நான்கு தொகுதிகள் முதலாவது. 1853–54இல் ஒன்பது தொகுதிகள், 1903–04இல் இருபது தொகுதிகள் என்று பின்னர் வந்தன. இணையத்தில் அடிக்கடி படியெடுக்கப்படுவது இருபது தொகுதிப் பதிப்பு. எளிதில் கிடைக்கிறது, ஆனால் எழுத்தையும் நிறுத்தக்குறியையும் திருத்திய பழைய பாடத்தை அதில் நம்ப வேண்டாம். 1950 முதல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் வெளியிடும் தொகுப்பும், 1809 மார்ச் 4 முதல் இறப்பு வரையிலான காலத்துக்கு மான்டிசெல்லோவில் தயாராகும் ஓய்வுக்காலத் தொகுப்பும்தான் இன்றைய அளவுகோல். அவற்றில் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் எந்தத் தாள், எங்கே இருக்கிறது, எங்கே மங்கியிருக்கிறது என்ற குறிப்பு இருக்கும். அந்தக் குறிப்பை முதலில் படியுங்கள்.

தாள்கள் ஏன் சிதறிக் கிடக்கின்றன என்பதற்கும் அலுவல்–சொந்தம் என்ற பிரிவே காரணம். 1848இல் காங்கிரஸ் 20,000 டாலருக்கு ஜெஃபர்சன் தாள்களை வாங்கியது. அரசுக்கு வேண்டியவை, குடும்பத்துக்கு உரியவை என்று அவற்றைப் பிரித்தார்கள். சொந்தம் எனக் கருதப்பட்டவை பின்னர் குடும்பத்துக்குத் திரும்பி, 1898இல் கொள்ளுப்பேரன் ஒருவர் வழியாகப் பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்துக்குப் போயின. ஒரே கடிதத்தில் வெளியுறவும் விதை நெல்லும் சேர்த்து எழுதிய மனிதரின் தாள்களை இப்படிப் பிரித்தது பெரிய இழப்பு. அவர் அடுக்கிய ஒழுங்கு கலைந்துபோனது. ஒரு கடிதம் வாஷிங்டன் நகரில் இருக்க, அதன் பதில் பாஸ்டனில் இருக்கலாம். இரண்டு இடத்தையும் தேடுங்கள்.

ஒரு மேற்கோள் கையில் கிடைத்தால் செய்ய வேண்டியது இது. பெறுநர் பெயரும் தேதியும் இல்லாத வரியை ஏற்காதீர்கள். இருந்தால், அமெரிக்கத் தேசிய ஆவணக்காப்பகம் 2013இல் தொடங்கிய ‘ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்’ தளத்தில் வரியின் நடுவிலிருந்து அபூர்வமான நான்கைந்து சொற்களை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு சொல்லைக் குறைத்து, அவருடைய பழைய எழுத்துக்கூட்டலை ஊகித்து மீண்டும் தேடுங்கள். தேடலில் வரும் சில ஆவணங்களின் மேல் அவை இன்னும் முழுமையாகச் சரிபார்க்கப்படாத முன்வெளியீடு என்ற அறிவிப்பு இருக்கும். அவற்றிலிருந்து எடுத்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மான்டிசெல்லோ தளத்தில் போலி மேற்கோள்களுக்கென்றே ஒரு பட்டியல் உண்டு. மக்கள் அரசைக் கண்டு அஞ்சினால் கொடுங்கோன்மை, அரசு மக்களைக் கண்டு அஞ்சினால் சுதந்திரம் என்ற புகழ்பெற்ற வரி அதில் இருக்கிறது. அவர் தாள்கள் எதிலும் அது இல்லை. கருத்து வேறுபாடே மிக உயர்ந்த தேசபக்தி என்பதும் அப்படித்தான்.

தேடியும் கிடைக்காத பகுதி ஒன்று இருக்கிறது என்பதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். 1770 பிப்ரவரி 1இல் அவர் பிறந்த ஷாட்வெல் வீடு எரிந்தபோது இளமைக்காலத் தாள்கள் போயின. 1781 ஜனவரியில் பிரிட்டிஷ் தரப்புக்கு மாறிய ஆர்னால்டின் படை ரிச்மண்டுக்குள் புகுந்தபோது அவர் ஆளுநராக இருந்த காலத்தின் அரசுத் தாள்கள் பல அழிந்தன. மனைவி மார்த்தாவுக்கும் அவருக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 1782 செப்டம்பர் 6இல் மார்த்தா இறந்தார். வந்த ஒவ்வொரு கடிதத்துக்கும் தேதி குறிக்கும் பதிவேடு தொடங்கியது அதற்கு அடுத்த ஆண்டு. மார்த்தாவுக்கு எழுதியதாக யாராவது ஒரு காதல் கடிதத்தைக் காட்டினால், மேலே சொன்ன எந்தச் சோதனைக்கும் போகத் தேவையில்லை.